வல்லாரைக்குத் தண்ணீர், கற்றாழைக்கு மேடு

போன கிழமை மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது ஒரு சீமெந்துத் தொட்டியோடு சண்டைக்குப் போய்விட்டேன். தொட்டியோடு என்றுதான் சொல்ல வேண்டும்; அதை விற்ற பிள்ளை பாவம், பொறுமையாகத்தான் பதில் சொன்னாள். வீதியோரக் கன்றுக் கடை. பூக்கன்றுகள், ஒட்டு மாங்கன்றுகள், அவற்றுக்கு முன்னால் பச்சைப் பெயின்ற் அடித்த தொட்டிகள் வரிசையாக. ஒவ்வொன்றின் நெற்றியிலும் 'மூலிகைத் தொட்டி' என்று வெள்ளை எழுத்து. உள்ளே ஒரு பக்கம் வல்லாரை, மறுபக்கம் கற்றாழை. நடுவில் அலங்காரத்துக்கு நாலு கூழாங்கல்.

"இதுக்கு எப்பிடித் தண்ணி விடுறது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஒரு நாளைக்கு ரெண்டு தரம் விடுங்கோ அன்ரி."

"கத்தாளை அழுகிப் போகுமே."

"அப்ப நாலு நாளைக்கு ஒருக்கா விடுங்கோ."

"வல்லாரை காய்ஞ்சு போகுமே."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒருத்தரும் இப்பிடிக் கேக்கிறேல்லை அன்ரி. வடிவா இருக்கெண்டுதான் வாங்கிக்கொண்டு போகினம்," என்றாள்.

அதற்குப் பிறகு நான் பேசியது கொஞ்சம் அதிகம். இரண்டு செடியையும் ஒரே மண்ணில் வைக்கச் சொன்னவன் யார், அவனுக்கு வேர் என்றால் என்னவென்று தெரியுமா என்று தொடங்கி எங்கேயோ போய்விட்டேன். கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கொறிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். நல்லவேளை, பஸ் வந்தது. வவுனியா வரும்வரை எனக்கு மூச்சு ஆறவில்லை.

இதற்கெல்லாமா ஒரு மனுசி இவ்வளவு கோபப்படுவாள் என்று நீங்கள் நினைப்பீர்கள். என் வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்டார். இரண்டு மூலிகைச் செடி, இரண்டும் உடம்புக்கு நல்லது, இரண்டும் பச்சை. ஆனால் அவை இரண்டுக்கும் உள்ள பகையை நான் ஒரு வருடம் முழுக்கக் கிட்ட இருந்து பார்த்தவள். பார்த்தது மட்டும் இல்லை, அதற்குள் புகுந்து ஒரு குடும்பத்தைக் கெடுத்தவள். ஆகவே கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

வல்லாரை நிலத்தோடு நிலமாக ஓடுகிற கொடி. கணுவுக்குக் கணு வேர் இறக்கும். அந்த வேர் ஈரத்தைத் தொட்டால்தான் அடுத்த கணுவுக்குப் போகும். அதற்கு அரை நிழல் வேண்டும், களி கலந்த மண் வேண்டும், காலடி ஈரம் ஒருநாளும் விடக் கூடாது. மூன்று நாள் மத்தியான வெயிலில் தண்ணீர் காட்டாமல் விட்டால் வைக்கோல்தான். கற்றாழை நேர் எதிர். தனக்கு வேண்டிய தண்ணீரைத் தன் மடலுக்குள்ளேயே கட்டி வைத்திருக்கிற சீவன் அது. மணலும் சரளைக் கிரவலும் உடைந்த ஓட்டுத் துண்டும் கிடைத்தால் போதும். வெயில் எவ்வளவும் எரிக்கலாம். பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு செம்புத் தண்ணீர். அதற்கு மேல் அன்பு காட்டினால் வேர் குழைந்து, அடிமடல் பழுப்பாகி, பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். அந்த நாற்றம் லேசில் போகாது. ஒன்றுக்குச் செய்கிற உபகாரம் மற்றதற்குக் கொலை.

கற்றாழையின் பிடிவாதத்துக்கு ஒரு சாட்சி சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கண்ணூறு படாமல் இருக்க வாசல் நிலையில் கற்றாழையை வேரோடு தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். மண் இல்லை, தண்ணீர் இல்லை, மாதக் கணக்கில் பச்சையாகத் தொங்கும். சில வீடுகளில் தொங்கியபடியே நுனியை மேலே வளைத்துக்கொண்டு நிற்கும். வீடு வீடாகக் கன்று கொடுக்கிற வேலையில் நான் இருந்த காலத்தில் பத்துக் கற்றாழை கொடுத்தால் எட்டை நட்டுவிட்டு இரண்டை வாசலில் கட்டிவிடுவார்கள். என்னுடைய படிவத்தில் 'நடப்பட்டவை', 'இறந்தவை' என்று இரண்டு நிரல்கள்தான். தொங்குகிறவற்றை எதில் போடுவது? 'இறந்தவை'யில் போட்டேன். பல வீடுகளில் கடைசிவரை உயிரோடு இருந்தவை அவை மட்டும்தான்.

வல்லாரை என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது பள்ளிக்கூடச் சோதனைக் காலம். சாதாரண தரச் சோதனைக்கு மூன்று மாதம் முன்பே அம்மா தொடங்கிவிடுவா. வல்லாரையை மெல்லிசாக அரிந்து, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு, தேசிக்காய்ப் புளி விட்டுச் சம்பல். அரியும்போது ஒரு கசந்த பச்சை வாசம் குசினி முழுக்க நிற்கும். "தின் பிள்ளை, படிச்சது மறக்காது," என்பா. தொண்ணூறு நாள் தின்றும் கணிதத்தில் முதல் தடவை தவறினேன். ஆனால் ஞாபகசக்தியில் குறை சொல்ல முடியாது. தேற்றம் ஒன்றும் நினைவில்லை. அந்தப் படிவத்தின் நிரல்கள் மட்டும் வரிசை பிசகாமல் இருக்கின்றன. மறந்தால் நல்லது என்று நினைப்பவற்றைத்தான் வல்லாரை காப்பாற்றி வைக்கும் போலிருக்கிறது.

படிவம் வந்த கதை இது. சண்டை முடிந்து சனங்கள் தங்கள் காணிகளுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். நான் விவசாயப் பாடசாலையில் டிப்ளோமா முடித்துவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்தேன். பெயர் பெரிது; வேலை ஸ்கூட்டியில் புழுதி குடிப்பது. தர்மபுரத்துக்கு அப்பால் ஒரு குறிச்சியில் எட்டு வீடுகள் என் பொறுப்பு. திட்டத்தின் பெயர் 'வீட்டுக்கொரு மூலிகைத் தோட்டம்'. வீட்டுக்கு ஒரு பாத்தி, ஆறடி நீளம், மூன்றடி அகலம். மேற்குப் பக்கம் வல்லாரை முப்பது கொடி, கிழக்குப் பக்கம் கற்றாழை பத்து. காலையும் மாலையும் நீர் ஊற்றுக. இதை எழுதியவர் குளிரூட்டிய அறையில் இருந்து எழுதியிருப்பார்.

பயிற்சிப் பட்டறையில் அந்தத் தாளைத் தந்தபோதே எனக்கு உறுத்தியது. நான் படித்தவள் அல்லவா, கேட்டிருக்கலாம். கையைத் தூக்கப் போன நேரம் பார்த்து ரோல்ஸும் பிளேன்ரீயும் வந்துவிட்டன. ரோல்ஸைத் தின்றுவிட்டு வந்தபோது அடுத்த பாடம் தொடங்கியிருந்தது. அந்தக் கையை நான் தூக்கியிருக்க வேண்டும் என்று இப்போதும் நினைப்பதுண்டு.

பாத்தியோடு நின்றிருந்தால் இது சிரித்துவிட்டுப் போகிற கதை. அதற்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது. எட்டு வீட்டுக்கும் சேர்த்து நிறுவனம் ஒரு கட்டுக்கிணறு வெட்டித் தரும். யாருடைய காணியில் என்றால், இரண்டு செடியும் உயிரோடு நின்று, ஆவணி மாதப் பார்வையிடலில் முதலாவதாக வருகிற தோட்டத்துக் காணியில். செடியை ஒழுங்காகப் பார்க்கிறவர் கிணற்றையும் ஒழுங்காகப் பார்ப்பார் என்பது அவர்களுடைய நியாயம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

எட்டு வீட்டில் கிணறு தலைபோகிற விஷயமாக இருந்தது காமாட்சி அக்காவுக்குத்தான். மலையகத்துக் குடும்பம். கலவர காலத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு ஓடி வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்களின் மகள். அவருடைய பேச்சில் மலைநாடும் வன்னியும் கலந்து வரும். 'ஆமாங்க' என்று தொடங்கி 'ஓம்' என்று முடிப்பார். அவர்களுடைய வம்சத்தில் காணி உறுதிப் பத்திரம் என்ற ஒன்றைக் கையால் தொட்ட முதல் ஆள் அவர்தான். அரை ஏக்கர் மேட்டுக் காணி. அந்தத் தாளைச் சீலைத் துண்டில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தார். எனக்கு இரண்டு தரம் எடுத்துக் காட்டியிருக்கிறார். காணி இருந்தது, தண்ணீர் இல்லை. மேலே கிரவல், கீழே கல். பள்ளிக்கூடத்துக் கிணறுதான் கதி, அரை மைல். சைக்கிள் கரியரில் இரண்டு தண்ணீர்க் கானைக் கட்டிக்கொண்டு நாளைக்கு நாலு நடை போவார். கணவர் வாய் திறந்து அதிகம் பேசாத மனிதர். பேசியதை மாற்றவும் மாட்டார். ஆவணியில் கிணறு தங்களுக்குக் கிடைக்காவிட்டால் வவுனியாவில் ஒரு நெல் மில்லில் குடும்பத்தோடு வேலைக்குப் போவது என்று அவர் முடிவெடுத்திருந்தார்.

"போனா திரும்பி வர மாட்டம் புள்ள," என்று காமாட்சி அக்கா ஒருநாள் சொன்னார். "நம்மாளுங்க ஒரு எடத்த விட்டுக் கெளம்பினா கெளம்பினதுதான்."

ஆகவே அந்த முப்பது வல்லாரைக் கொடியை அவர் பிள்ளை வளர்ப்பது போல வளர்த்தார். கற்றாழையைப் பற்றிக் கவலையே இல்லை. அந்தக் கிரவலில் பத்து வைத்தால் மாதம் போக இருபதாக நின்றது. வல்லாரைக்கோ பாத்திரம் கழுவிய தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், முகம் கழுவிய தண்ணீர் எல்லாம் போனது. தென்னோலைக் கிடுகு நாலைக் கட்டி நிழல் போட்டார். அப்படியும் ஊற்றிய தண்ணீர் ஊற்றிய வேகத்தில் கீழே போனது. பிறகு உரப்பையைப் பிளந்து மண்ணுக்கு அடியில் விரித்துத் தண்ணீரைப் பிடித்து வைத்தார். வல்லாரை தலை நிமிர்ந்தது. பக்கத்தில் நின்ற கற்றாழைக்கு அது பிடிக்கவில்லை, இரண்டு அழுகியது. உடனே உரப்பையைக் கிழக்குப் பக்கத்தில் வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் ஒரு கூரை ஓட்டைச் செங்குத்தாக நிறுத்தி வைத்து, ஒரே பாத்தியில் இரண்டு ஊர் செய்தார். டிப்ளோமா படித்த எனக்கு இது தோன்றவில்லை.

வீதிக்கு அந்தப் பக்கம் தணிகாசலம் அண்ணையின் காணி. யாழ்ப்பாணப் பக்கத்துக் குடும்பம். குளத்துத் திட்டத்தில் தகப்பனுக்குக் கிடைத்த வயல், அதையொட்டி வீடு. வயலுக்கென்று விட்ட வாய்க்கால் வேலியோடு ஓடுகிறது; அதில் வேறு காணிக்கு ஒரு கான் அள்ளினாலும் கமக்காரர் சங்கம் தண்டம் போடும். அங்கே வல்லாரையை யாரும் நட வேண்டியதில்லை. வாய்க்கால் கரை முழுக்கத் தானாகப் படர்ந்து கிடக்கும், மிதித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஆனால் நான் கொடுத்த கற்றாழை பத்தும் பதினைந்து நாளில் குழைந்து போயின. மறுபடி கொடுத்தேன், அவையும் போயின.

"பிள்ளை, நான் காலமையும் பின்னேரமும் ஒழுங்காத் தண்ணி விட்டனான். உங்கட தாளில இருக்கிறபடிதான்," என்றார் குற்றவாளி போல.

தாளைக் குறை சொல்ல எனக்கு அப்போது துணிவில்லை. "கொஞ்சம் குறைச்சு விடுங்கோ," என்று மட்டும் சொன்னேன்.

வழி காட்டியது காமாட்சி அக்காதான். தன் காணிக் கிரவலை இரண்டு உரப்பையில் கட்டி, மேலே எட்டுக் கற்றாழைக் குட்டியும் வைத்து, சைக்கிளில் உருட்டிக்கொண்டு வீதியைக் கடந்தார். பாத்தியின் கிழக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்குக் கிரவல் மேடு கட்டி, ஓட்டுத் துண்டு புதைத்து, உச்சியில் குட்டிகளை நட்டுக் கொடுத்தார். "ஒரு மாசத்துக்கு இதுகள நீங்க பாக்கவே கூடாதுண்ணே," என்றாராம். தணிகாசலம் அண்ணை அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தார். எட்டும் வேர் பிடித்தன.

இந்த இடத்தை நான் பிறகு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். ஈரமான இடத்தில் ஒரு வறண்ட மேட்டைக் கட்டிவிடலாம். ஒரு பின்னேர வேலை. வறண்ட இடத்தில் ஈரத்தைக் கட்ட முடியாது. இரண்டு செடியும் படிவத்தில் சமம்தான், இரண்டுக்கும் ஒவ்வொரு கட்டம்தான். ஆனால் தண்ணீர் உள்ளவரால் இரண்டையும் வளர்க்க முடியும். இல்லாதவரால் ஒன்றைத்தான் முடியும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்பார்களே, அதே கதை. கிணறு வேண்டுமானால் வல்லாரை நிற்க வேண்டும், வல்லாரை நிற்க வேண்டுமானால் கிணறு வேண்டும். இதை அன்றைக்கே யாரிடமாவது கத்தியிருக்க வேண்டும். நான் மாங்குளத்தில் அந்தப் பிள்ளையிடம் கத்துகிறேன்.

ஆடி மாதம் கச்சான் காற்று எழும்பியது. தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வன்னியில் அந்தக் காற்று பகல் முழுக்க ஒரே திசையில் நின்று அடிக்கும். கயிற்றில் போட்ட சீலை திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும். பள்ளிக்கூடக் கிணறு அடியைக் காட்டியது. வீட்டுக்கு நாளைக்கு இரண்டு கான்தான் என்று பாடசாலை அதிபர் கட்டுப்பாடு போட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, பிள்ளைகளுக்கும் குடிக்க வேண்டும். இரண்டு கான் தண்ணீரில் ஐந்து பேர் சமைத்துக் குடித்துக் கழுவிய மிச்சம் எவ்வளவு இருக்கும்? நான் போனபோது பாத்தியின் மேற்குப் பக்கத்தில் சில பழுப்புக் கொடிகள் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. கிழக்கே கற்றாழை கொழுத்துப் போய் நின்றது.

காமாட்சி அக்கா அடுப்பை மூட்டப் போனார். "தேத்தண்ணி குடிக்கிறீங்களா புள்ள?" என்றார். அந்த வீட்டில் ஒரு கோப்பைத் தேநீர் என்ன விலை என்று தெரிந்தும், வேண்டாம் என்றால் மனம் நோவார் என்று குடித்தேன்.

ஆவணியில் பார்வையிடல். எங்கள் பொறுப்பாளர் பத்து மணிக்கு வருகிறார் என்று நான் அரை மணித்தியாலம் முந்திப் போய் ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். காமாட்சி அக்காவின் வேலிப் படலையைத் திறந்தபோது நான் கண்ணைக் கசக்கிக்கொண்டேன். மேற்குப் பக்கம் பச்சைப் பசேல் என்று வல்லாரை. நாலு நாளுக்கு முன் அங்கே வெறும் மண். குனிந்து கையால் மண்ணை ஒதுக்கினேன். நீலப் பிளாஸ்ரிக் விளிம்பு ஒன்று தெரிந்தது. துணி துவைக்கிற பெரிய பேசின் ஒன்றைச் சேறும் கொடியுமாக அப்படியே புதைத்திருந்தார்.

"அக்கா, இது எங்கத்தைய வல்லாரை?"

"தணிகாசலம் அண்ணன் வீட்டுது. நேத்துப் பொழுதுபட அவரே தூக்கியாந்து வச்சாரு."

"இது சரியில்லை அக்கா. உங்கட மண்ணில வளர்ந்ததைத்தான் காட்டலாம்."

அவர் முந்தானையில் கையைத் துடைத்தார். "நம்ம கத்தாழ அவரு வீட்டுல நிக்குது. அவரு வல்லார நம்ம வீட்டுல நிக்குது. இதுல என்னா புள்ள பிழை?"

 என் கையில் பேனையும் படிவமும் இருந்தன. அந்த வயதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது, நான் பொய் எழுத மாட்டேன் என்ற திமிர். அதோடு ஒரு மடத்தனமும் சேர்ந்திருந்தது. உண்மையை எழுதினால் அது காமாட்சி அக்காவுக்குத்தான் நல்லது என்று மனதார நம்பினேன். தண்ணீர் இல்லாமல் செடி செத்தது என்று எழுதினால், கிணறு அங்கேதான் வேண்டும் என்பது எந்தக் குருடனுக்கும் தெரியுமே.

"நான் விளக்கமா எழுதிறன் அக்கா. நீங்கள் பயப்படாதேங்கோ. இதைத்தான் அவை பாக்க வேணும்," என்றேன்.

அவர் முந்தானையை இடுப்பில் செருகினார். பிறகு குனிந்து, பேசினின் ஒரு பக்கத்தை அவரே பிடித்துத் தூக்கித் தந்தார். இரண்டு பேருமாகக் கொண்டுபோய்க் குசினிக்குப் பின்னால் நிழலில் வைத்தோம். பாத்தியில் ஒரு குழி மிஞ்சியது.

படிவத்தின் அடியில் என் மணிமணியான எழுத்தில் எழுதினேன்: 'நீர் வசதியின்மையால் வல்லாரை உயிர் பிழைக்கவில்லை. பயனாளி மிகுந்த முயற்சி எடுத்துள்ளார். கிணறு இங்கு அவசியம்.' பொறுப்பாளர் வாகனத்தை விட்டு இறங்கி வந்து, குழியைப் பார்த்து, படிவத்தை வாசித்தார். கெட்ட மனிதர் இல்லை. என்னைப் பாராட்டினார்.

"உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறீர், நல்லது," என்றார். "ஆனா தண்ணி இல்லாத காணியில தோட்டம் நிலைக்காதெண்டு நீரே எழுதியிருக்கிறீர். நிலைக்காத இடத்தில முதல் போடேலாது. மற்றது, இதில வெட்டினாலும் கல்லுத்தான் வரும் போல."

"ஐயா, அதுக்காகத்தான்..." என்று தொடங்கினேன். அவர் அடுத்த வீட்டுக்கு நடந்துவிட்டார். நானும் கோப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். ஓடியிருக்கத் தேவையில்லை, நின்று சண்டை பிடித்திருக்கலாம். வேலை புதிது, வயது சின்னது என்று எனக்கு நானே எத்தனையோ சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் ஒட்டவில்லை.

முதலாவதாக வந்தது தணிகாசலம் அண்ணையின் தோட்டம். வல்லாரை செழிப்பு, கற்றாழை எட்டும் மேட்டில் கம்பீரம். படம் எடுத்தார்கள். விஷயம் விளங்கியதும் அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஐயா, என்ர காணியில ரெண்டு முழம் தோண்டினாத் தண்ணி. எனக்கேன் கிணறு? அந்த மேட்டுக் காணிக்குக் குடுங்கோ," என்றார். "இந்தக் கத்தாளையும் அவா தந்தது. மேடும் அவா கட்டினது. மண்ணும் அவான்ர."

"உங்கட காணியிலதானே வேர் விட்டு நிக்குது அண்ணை," என்றார் பொறுப்பாளர் சிரித்தபடி. விதியில் அப்படித்தான் இருந்தது. கிரவல், வீதியைக் கடந்து வந்தால் தோட்டம். சேறு, வீதியைக் கடந்து போனால் ஏமாற்று.

மழைக்கு முந்தி, புரட்டாசியில் கிணறு வெட்டினார்கள். எட்டு வீடும் அள்ளலாம் என்று பலகையும் நட்டார்கள். தணிகாசலம் அண்ணை யாரையும் மறித்ததில்லை. ஆனால் காமாட்சி அக்காவின் கணவர் சொன்னால் சொன்னதுதான். பள்ளிக்கூடக் கிணற்றுக்குப் போன நடை இப்போது வீதிக்கு அந்தப் பக்கம் போகிறது, அவ்வளவுதானே என்றாராம். குடிக்கலாம், சமைக்கலாம், கானில் சுமந்த தண்ணீரில் அரை ஏக்கரில் என்னத்தை விளைவிப்பது? மிளகாய்க் கன்று ஒன்றுகூட நட முடியாத காணியை எத்தனை காலம் பார்த்துக்கொண்டு இருப்பது என்றும் கேட்டாராம். அதில் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

அவர்கள் லாண்ட்மாஸ்ரர் வண்டியில் சாமான் ஏற்றிய அன்று நான் போனேன். போகாமல் இருந்திருந்தால் இன்னும் வெட்கமாக இருந்திருக்கும். காமாட்சி அக்கா அந்த நீலப் பேசினை நன்றாகக் கழுவி, வீதியைக் கடந்து கொண்டுபோய்த் தணிகாசலம் அண்ணை வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். வாசலில் தொங்கிய கற்றாழையை அவிழ்க்கவில்லை. காணி உறுதியை மட்டும் பைக்குள் வைத்திருந்தார்.

"அக்கா, நான் நல்லதுக்கெண்டுதான் எழுதினனான்," என்றேன்.

"தெரியும் புள்ள," என்றார். பிறகு, கோபம் எதுவும் இல்லாமல், "நீங்க பேசாம இருந்திருக்கலாம்," என்றார்.

அதற்குப் பிறகு நான் அந்த வேலையில் ஒரு வருடம்தான் இருந்தேன். திட்டமும் முடிந்தது. கிளிநொச்சியில் எங்கள் அலுவலகம் இருந்த வீட்டில் இப்போது கைபேசி திருத்துகிறார்கள். கோப்புகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. எட்டுப் பாத்தியில் ஒன்றுகூட இல்லை. பொறுப்பாளர் வெளிநாடு போய்விட்டதாகக் கேள்வி.

இந்த வருடம் மாசியில் தர்மபுரத்தில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனேன். சாப்பாடு முடிந்த கையோடு கால் தானாக அந்தக் குறிச்சிக்கு இழுத்தது. தணிகாசலம் அண்ணைக்கு இப்போது நடை கொஞ்சம் தள்ளாட்டம். என்னை அடையாளம் கண்டு கதிரை போட்டார். கிணற்றுக்கு மேல் வலை போட்டு மூடியிருந்தது, யாரும் அள்ளுவதில்லையாம். குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. வீதி நெடுக மண்ணுக்குள் குழாய் தாட்டு, காணிக்குக் காணி இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். காமாட்சி அக்காவின் படலையடியிலும் ஒரு குழாய் புத்தம் புதிதாக நிற்கிறது. படலைதான் இல்லை. வீட்டுக் கூரைத் தகரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அரை ஏக்கரும் கற்றாழை. ஆடு கடிக்காது, மாடு தின்னாது, வெயில் எரிக்காது. பத்தில் தொடங்கியது காடாகிவிட்டது. அதை வெட்டி முகப்பூச்சுக் கம்பனிக்குக் கொடுக்கலாம் என்று யாரோ வந்து கேட்டுவிட்டுப் போனார்களாம். காணி இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

"அவான்ர நம்பர் கிடக்குது, கதைக்கப் போறீரோ?" என்று தணிகாசலம் அண்ணை தன் கைபேசியை நீட்டினார்.

வாங்கினேன். அழைத்ததும் எடுத்தார். குரல் மாறவே இல்லை. பின்னால் மில் இரைந்துகொண்டிருந்தது. நான் யார் என்று சொன்னதும், "நல்லா இருக்கீங்களா புள்ள? கல்யாணம் ஆச்சா?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா. உங்கட காணிக்குத் தண்ணி வந்திட்டுது. குழாய் நிக்குது."

"ஓம், அண்ணன் சொன்னாரு."

"திரும்பி வாங்கோவன்."

"எப்பிடிப் புள்ள? அவருக்கு இடுப்புப் போயிட்டு. மகனும் இங்கதான் மூட்ட தூக்குறான். வந்து ஆரு பாக்கிறது?"

 ஏதாவது நல்லதாகக் கேட்க வேண்டும் என்று நினைத்து, "அங்க தண்ணி வசதியோ அக்கா?" என்றேன்.

"தண்ணிக்குக் குறையே இல்ல. நெல்லு ஊறப்போடுற தண்ணி நாள் பூரா ஓடுது. நாங்க இருக்கிற அறைக்குப் பின்னால எந்நேரமும் ஈரந்தான்."

"அப்ப வல்லாரை நல்லா வருமே."

"வரும். மொத வருசமே நாலு கொடி வச்சேன். நல்லாப் படந்துச்சு." மில் சத்தத்தில் அடுத்த சொல் கேட்கவில்லை. பிறகு கேட்டது. "மொதலாளி பாத்துட்டாரு. அவரு எடத்துல நாம எதுவும் நடக் கூடாதுன்னு சொல்லிட்டாரு."

"அப்ப என்ன செய்தனீங்கள்?"

"புடுங்கிட்டேன் புள்ள," என்றார்.